நிழல் காலடிக்குள் ஒடுங்கிய நாள்

பாங்காக்கில் ஒரு சித்திரை வெயில்

"ஏப்ரல் மாதத்தில் பாங்காக்கா? வெந்து போய்விடுவீர்கள்" என்று எங்களிடம் சொல்லாதவர்கள் இல்லை. டிக்கெட் போட்டுக் கொடுத்தவர் சொன்னார், பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார், பாங்காக்குக்கு நான்கு முறை போய்வந்த சித்தப்பாவும் சொன்னார். அம்மா மட்டும் அசையவில்லை. "வெயிலுக்குப் பயந்தா நாகப்பட்டினத்துல எழுபது வருஷம் குடும்பம் நடத்தியிருக்க முடியுமா? நீ போடுடி டிக்கெட்ட" என்றாள்.

தமிழ்நாட்டுக் குடும்பங்களில் முக்கால்வாசிப் பேருக்கு வெளியூர்ப் பயணம் என்றால் பள்ளி விடுமுறைதான். அந்த விடுமுறை பாங்காக்கின் உச்சக் கோடையில்தான் வந்து விழுகிறது. சென்னைக்கும் பாங்காக்குக்கும் அட்சரேகையில் ஒரு டிகிரிகூட வித்தியாசம் கிடையாது. நம் தலைக்கு மேல் நிற்கும் அதே சூரியன் இரண்டு மூன்று நாள் முன்பின்னாக அந்த ஊரின் தலைக்கு மேலும் நிற்கிறது. தாய்லாந்தின் புத்தாண்டான சொங்க்ரான் ஏப்ரல் 13-இல் தொடங்கி மூன்று நாள் நடக்கிறது. சங்கராந்தி என்ற சொல்லின் தாய் உச்சரிப்பு அது. நம் சித்திரை ஒன்றும் அந்த மூன்று நாளுக்குள் வந்துவிடும். அதனால் அந்த நகரத்துக்குக் கோடையில் போவது தவறு என்று எனக்குத் தோன்றவில்லை. நம்மைப் போலவே வெயிலோடு வாழப் பழகிய ஊர், அந்தப் பழக்கத்தை எப்படிச் செய்து வைத்திருக்கிறது என்று பார்க்கக் கோடைதான் சரியான காலம். மால்களின் குளிரில் பதுங்கிக்கொள்ளாமல் பழைய ஊருக்குள் நடக்க வேண்டும், அவ்வளவுதான்.

நாங்கள் நடந்தது 2024 ஏப்ரல் 27, சனிக்கிழமை. தாய்லாந்து கொதித்துக்கொண்டிருந்த வாரம். காற்றின் ஈரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் உடம்பு உணரும் வெப்பம் 52 டிகிரியைத் தாண்டும் என்று பாங்காக் மாநகர நிர்வாகம் இரண்டு நாள் முன்பு எச்சரித்திருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, 2023 ஏப்ரலில், வடமேற்கே தாக் என்ற ஊரில் 45.4 டிகிரி பதிவாகி, அந்த நாட்டின் அதுவரையிலான உச்சமாக நின்றது. இதையெல்லாம் படித்துவிட்டு நான் ஒரே ஒரு முடிவு எடுத்தேன்: காலை ஆறு மணிக்குத் தெருவில் இருக்க வேண்டும்.

எருக்கம்பூவில் காதல்

சனாம் சாய் என்பது பழைய ஊருக்குள் இறங்கும் சுரங்க ரயில் நிலையம். 2019-இல் திறந்தது. அரண்மனை மண்டபம் மாதிரி தூண்களும் தங்கப் பூவேலையுமாக உள்ளே இழைத்திருக்கிறார்கள். அங்கிருந்து வெளியே வந்தால் நான்கு எட்டில் பாக் க்லோங் தலாத், பாங்காக்கின் பூச்சந்தை. இருபத்து நான்கு மணி நேரமும் நடக்கிற சந்தை என்றாலும் விடியலில்தான் அதற்கு உயிர். கிலோக் கணக்கில் மல்லிகை மொட்டு ஐஸ் கட்டிகளோடு பைகளில் கிடக்கிறது. மூட்டை மூட்டையாகச் சாமந்தி. இதழ் மடித்துத் தயாராக வைத்த தாமரை. கோயம்பேட்டில் நிற்பது போலவே இருந்தது, கூச்சல் ஒன்றுதான் குறைவு.

அம்மா ஒரு மாலைக்கடை முன்னால் நின்றுவிட்டாள். அங்கே கட்டுவது புவாங் மாலை. மாலை என்ற சொல் காதில் அப்படியே நம் சொல்லாகத்தான் விழுகிறது. மலராத மல்லிகை மொட்டுகளை நீண்ட ஊசியில் நெருக்கி நெருக்கிக் கோக்கிறார்கள். நாரில் கட்டுவதில்லை. அடியில் குஞ்சம் மாதிரி தொங்குவது என்ன பூ என்று அம்மா குனிந்து பார்த்தாள்.

"என்னடி இது, எருக்கம்பூ!"

எருக்கேதான். வெள்ளெருக்கின் அதே மெழுகு வெண்மை, நடுவில் கிரீடம். நம் ஊரில் பிள்ளையார் சதுர்த்திக்கு ஒரு நாள் கடைக்கு வரும், மற்ற நாளில் சுடுகாட்டு ஓரத்திலும் ரயில்பாதை ஓரத்திலும் கேட்பாரற்றுக் கிடக்கும். அங்கே அதன் பெயர் டோக் ராக். ராக் என்றால் காதல். கல்யாணத்துக்கும் காதலர் பரிமாற்றத்துக்கும் அது இல்லாமல் முடியாது. கேட்டவுடன் எனக்குச் சங்க இலக்கியம்தான் நினைவுக்கு வந்தது. காதல் கைகூடாமல் பனைமடல் குதிரை ஏறி ஊர்நடுவே வருகிற தலைவன் தலையில் சூடியிருப்பது எருக்கம்பூ. ஈராயிரம் ஆண்டுக்கு முன் நம் கவிதையில் காதலின் தவிப்பைச் சொன்ன பூவை நாம் விலக்கி வைத்துவிட்டோம். கடல் கடந்து ஓர் ஊரில் அது இன்னும் காதல் பூவாகவே இருக்கிறது. யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று பட்டயம் எழுத நான் வரவில்லை. ஒரே வெயிலில் முளைக்கிற செடி ஒன்றை இரண்டு ஊர் இரண்டு விதமாகப் பார்க்கிறது என்பது மட்டும் அந்த விடியலில் மனதில் தைத்தது. அதற்குப் பிறகு அன்று முழுவதும் செடிகளைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

இந்தச் சந்தை முன்பு நடைபாதையிலும் வழிந்து கிடந்தது. நடைபாதையை மீட்கிறோம் என்று 2016-இல் மாநகர நிர்வாகம் தெருவோர வியாபாரிகளை அப்புறப்படுத்தியது. இன்று கூரைக்குள் ஒழுங்காக இருக்கிறது. ஆனால் நடைபாதையில் உட்கார்ந்து பூ விற்ற எல்லோருக்கும் கூரைக்குள் வாடகை கட்ட வசதி இருந்திருக்காது. ஊரை அழகாக்கும் வேலைகளில் முதலில் காணாமல் போவது அந்த ஊருக்கு அழகு தந்தவர்கள்தான். இது நம் ஊருக்கும் பொருந்தும்.

கோடைக்கென்று ஒரு நகை

எட்டரைக்கு அரண்மனை வாசல் திறக்கும்போது நாங்கள் வரிசையில் நின்றோம். அப்போது வெளிநாட்டவருக்குக் கட்டணம் 500 பாட், நம் பணத்தில் 1,100 ரூபாய்க்கு மேல். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். அம்மா சேலையில் இருந்ததால் காவலர் கும்பிட்டு அனுப்பினார். வரும் வழியில் ஒருவர் மடக்கி, "இன்றைக்கு அரண்மனை மூடியிருக்கிறது, வேறு கோயில் காட்டுகிறேன்" என்று டுக்டுக்கில் ஏறச் சொல்வார். நம்பாதீர்கள். நேரே வாசல் வரை போய்க் கண்ணால் பாருங்கள்.

இந்த நகரமே கோடையில் பிறந்தது. 1782 ஏப்ரல் 21 அதிகாலை மன்னர் முதலாம் ராமா நகரத் தூணை நாட்டினார். தாய் மக்கள் ஊரைப் பாங்காக் என்று சொல்வதில்லை, கிருங் தேப் என்பார்கள், தேவ நகரம். அதன் முழுப் பெயரை ஒரே மூச்சில் சொல்ல முடியாது. இந்திரன், விஷ்ணுகர்மா, அயோத்தி எல்லாம் அந்தப் பெயருக்குள் வரிசையாக வந்து போகிறார்கள்.

அரண்மனை வளாகத்தில் இருக்கிற வாட் ப்ரா கேவ் கோயிலின் சன்னதிக்குள் மரகத புத்தர். உயரம் 66 சென்டிமீட்டர்தான். பெயர் மரகதம் என்றாலும் கல் பச்சை ஜேட். இவ்வளவு சிறிய உருவத்தை அவ்வளவு உயரத்தில் வைத்திருக்கிறார்கள், கழுத்தை நிமிர்த்தித்தான் பார்க்க வேண்டும். புத்தருக்கு மூன்று பருவத்துக்கு மூன்று உடை. கோடைக்கும் மழைக்கும் முதலாம் ராமா செய்து வைத்தார், குளிருக்கு மூன்றாம் ராமா சேர்த்தார். பருவம் மாறும்போது மன்னரோ அவர் சார்பில் ஒருவரோ தம் கையால் மாற்றுவது வழக்கம். மழைக்கு ஒரு தோள் மூடிய பொன்னாடை, குளிருக்கு உடல் போர்த்திய பொன்வலை. நாங்கள் பார்த்தது கோடை அலங்காரம்: கிரீடம், ஆரம், தோள்வளை. போர்வை எதுவும் கிடையாது, பச்சை உடம்பு தெரிகிறது.

"சாமிக்கும் புழுங்கும்ல" என்றாள் அம்மா. சித்திரையில் சிவலிங்கத்துக்கு மேல் தாராபாத்திரம் கட்டிச் சொட்டுச் சொட்டாக நீர் விடுகிற ஊர்க்காரிக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

சன்னதியைச் சுற்றி ஓடுகிற நீண்ட மண்டபம்தான் அரண்மனையின் மிக நல்ல இடம் என்பது என் கருத்து. நிழல், காற்று, சுவர் முழுக்க ஓவியம். 178 பகுதிகளாக ராமகியென், அவர்களின் ராமாயணம். இராவணனுக்குப் பெயர் தோட்சகன், தசகண்டன் என்பதன் தாய் வடிவம். அனுமன் வெள்ளை வெளேரென்று இருக்கிறான். அந்த அனுமன் பிரம்மச்சாரியும் இல்லை. பாலம் கட்டவிடாமல் கற்களை எடுத்துப் போகும் மீன்கன்னியைத் துரத்திப் போய்க் காதலிக்கிறான். அவள் இராவணனின் மகள். நான் கதையைச் சொன்னதும் அம்மா சுவரிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே திரும்பி வந்து, "அந்தப் பொண்ணு முகம் நல்லா இருக்கு" என்றாள். பெரும்பாலான பயணிகள் இந்த மண்டபத்தைப் பத்து நிமிடத்தில் கடந்து வெயிலில் நின்று படம் எடுக்கப் போய்விடுகிறார்கள். நாங்கள் ஒரு மணி நேரம் இருந்தோம்.

பத்தரை மணிக்கு வெள்ளைத் தரை கண்ணைக் கூச வைத்தபோது, அதே வளாகத்தின் வாசல் பக்கம் இருக்கிற ராணி சிரிகிட் துணி அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தோம். பழைய நிதித்துறைக் கட்டடம் அது, 2012-இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். அரண்மனைச் சீட்டே இதற்கும் போதும். உள்ளே குளிரூட்டியிருக்கிறார்கள். ராணியின் பட்டு உடைகளை அம்மா அங்குலம் அங்குலமாகப் பார்த்தாள். எனக்கு அங்கே நினைவெல்லாம் பருத்தி. அயுத்தயா தலைநகராக இருந்த காலத்திலிருந்தே சயாம் (தாய்லாந்தின் பழைய பெயர்) அரசவை தனக்கு வேண்டிய கோலத்தை வரைந்து கப்பலில் அனுப்பி, நம் சோழமண்டலக் கரையில் துணி எழுதி வாங்கியது. பா லாய் யாங் என்று அதற்குப் பெயர்: மாதிரி பார்த்துச் செய்த கோலத்துணி. கோலம் அவர்களுடையது, பருத்தியும் சாயவேர்ச் சிவப்பும் தூரிகை பிடித்த கையும் நம் கரையினுடையவை. எந்தக் குலத்தார் எந்தத் துணி உடுத்தலாம் என்று அரசவை கட்டுப்பாடு வைத்திருந்த காலத்தில் அந்தத் துணி அந்தஸ்தின் அடையாளம். நாகப்பட்டினத்திலிருந்தும் துணி ஏறிய காலம் அது, டச்சுக்காரர்களுக்கு அங்கே கோட்டை இருந்தது. இதை அம்மாவிடம் சொன்னபோது அவள் தன் சுங்குடிச் சேலை முந்தானையை ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டாள்.

பன்னிரண்டேகால்

வாட் போ கோயிலுக்கு நடந்தது என் தவறு. தூரம் என்று பார்த்தால் அதிகமில்லை, ஆனால் அரண்மனையின் வெள்ளைச் சுவர் ஓரம் முழுக்க வெயில். ஏப்ரல் 26, 27 வாக்கில்தான் பாங்காக்கில் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. அந்த ஊர்க் கடிகாரத்தில் அது பன்னிரண்டேகால் மணி. விளக்குக் கம்பத்துக்கு நிழல் இல்லை. எனக்கும் இல்லை, காலுக்கடியில் ஒரு கறுப்பு வட்டம் மட்டும். அதை வியந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா மூன்றடி பின்னால் நின்றுவிட்டதைக் கவனிக்கவில்லை. திரும்பியபோது அவள் முகம் சிவந்து, பேச்சு குழறியது.

குடைக்கடியில் தண்ணீர் விற்ற ஒரு பெண்மணிதான் முதலில் எழுந்தார். தன் பிளாஸ்டிக் முக்காலியில் அம்மாவை உட்கார வைத்தார். ஐஸ் பெட்டிக்குள் கையை விட்டு ஒரு துண்டைப் பிழிந்து பிடரியில் போட்டார். இன்னொன்றை உள்ளங்கையில் வைத்து மடக்கினார். இடுப்புப் பையிலிருந்து விரல் நீள உறிஞ்சு குப்பியை எடுத்து மூக்கருகே பிடித்தார். கற்பூரமும் மெந்தாலும் மணக்கும் அந்தக் குப்பிக்கு யா டோம் என்று பெயர். "ரோன் மாக், ரோன் மாக்" என்று சொல்லிக்கொண்டே விசிறினார். ரொம்ப வெயில், ரொம்ப வெயில். இருபது நிமிடம் வியாபாரத்தை விட்டுவிட்டு நின்றார். நான் பணம் நீட்டினேன், வாங்கவில்லை. நான்கு தண்ணீர்ப் போத்தல் வாங்கினேன், அதற்கு மட்டும் காசு எடுத்துக்கொண்டார்.

அம்மாவுக்குச் சரியாகிவிட்டது. ஆனால் இரண்டு வாரம் கழித்து ஊரில் உட்கார்ந்து செய்தி படித்தபோது எனக்குக் கை நடுங்கியது. அந்த ஆண்டு தொடங்கியதிலிருந்து மே மாதம் முதல் பத்து நாளுக்குள் தாய்லாந்தில் வெப்பத் தாக்கில் 61 பேர் இறந்துவிட்டார்கள் என்று சுகாதார அமைச்சகம் சொல்லியிருந்தது. முந்தைய ஆண்டு முழுவதும் சேர்த்து 37 பேர். நாம் வெயிலில் நிற்பது ஒரு நாள் வேடிக்கைக்கு. அந்தப் பெண்மணி அதே நடைபாதையில் கோடை முழுவதும் நின்று, நமக்குக் குளிர்ச்சியை விற்கிறார். மோட்டார் பைக் டாக்ஸி ஓட்டுகிறவர்கள், கட்டட வேலை செய்கிற பக்கத்து நாட்டுக்காரர்கள், வண்டி தள்ளுகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான். இந்த ஊரின் பயணக் கட்டுரைகளில் வெயில் என்பது நம் சட்டை நனைவதோடு முடிந்துவிடுகிறது. அது எனக்குச் சரியாகப் படவில்லை.

வாட் போவுக்குள் சயன புத்தர் 46 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கிறார். செருப்பைக் கழற்றிப் பளிங்குத் தரையில் கால் வைத்ததும் அம்மா "ஆ" என்று கண்ணை மூடினாள். பாதங்களில் 108 மங்கலச் சின்னங்கள், முத்துச்சிப்பி இழைத்தவை. முதுகுப் பக்கம் 108 வெண்கலக் கலயம் வரிசையாக இருக்கிறது, ஒவ்வொன்றிலும் ஒரு காசு போட்டுக்கொண்டே நடக்கிறார்கள். அந்தக் கணகண ஒலி கூடம் முழுவதும் மழை மாதிரி கேட்டுக்கொண்டே இருக்கும். மூன்றாம் ராமா காலத்தில் மருத்துவம், உடற்பிடிப்பு, இலக்கணம் எல்லாவற்றையும் கல்லில் வெட்டி எல்லோரும் படிக்க வைத்த கோயில் இது. அந்தக் கல்வெட்டுகளை 2011-இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. தாய் மசாஜ் என்று உலகம் முழுக்க விற்கிறதே, அதன் பள்ளிக்கூடம் இன்றும் இங்கே நடக்கிறது. அம்மா மறுத்துவிட்டாள். "யாரோ வந்து என் காலைப் பிடிக்கிறதா?"

மல்லிகைத் தண்ணீரில் சோறு

ஒரு மணிக்கு மேல் தா தியென் படகுத்துறை அருகே ஒரு சின்ன உணவகத்தில் உட்கார்ந்தோம். நான் சொன்னது காவ் சே. காவ் என்றால் சோறு, சே என்றால் ஊறவைத்தது. மோன் இன மக்களின் உணவு அது. புத்தாண்டுக்குத் தெய்வத்துக்குப் படைப்பார்கள். நான்காம், ஐந்தாம் ராமாக்கள் காலத்தில் அரண்மனைச் சமையலறைக்குள் போய் நாகரிகம் கற்றுக்கொண்டு வெளியே வந்தது.

ஒரு கிண்ணத்தில் தெளிந்த தண்ணீர், அதில் வெள்ளைச் சோறு, மேலே ஐஸ் துண்டும் நான்கு மல்லிகையும். அரை வேக்காடாக வடித்த சோற்றைக் கஞ்சி போகும்வரை திரும்பத் திரும்பக் கழுவி, பிறகு ஆவியில் வேக வைக்கிறார்கள். தண்ணீரில் இரவெல்லாம் மல்லிகையை மிதக்க விட்டு, மணமெழுகுத் திரியின் புகையையும் மூடி வைத்து ஏற்றுகிறார்கள். தொட்டுக்கொள்ள ஐந்தாறு தினுசு: இறால் விழுதை உருட்டிப் பொரித்தது, முட்டை வலை போர்த்திய மிளகாய், உள்ளே மசாலா வைத்த சின்ன வெங்காயம், இனிப்பாக வதக்கிய உப்பு முள்ளங்கி, இழை இழையான தித்திப்பு இறைச்சி. பக்கத்தில் செதுக்கிய மாங்காய்.

அம்மா கிண்ணத்தைப் பார்த்தாள். "பழைய சோறு!"

முழுக்கச் சரியில்லை. பழைய சோறு புளித்தது, இது புளிக்காதது. ஆனாலும் கோடை மதியத்தில் நீரில் கிடக்கும் சோறு, கூடவே காரமும் உப்புமாக ஒன்று, சின்ன வெங்காயம், மாங்காய் என்ற எண்ணம் ஒன்றுதானே. நாகப்பட்டினத்தில் கருவாடு சுட்டு வைக்கிற இடத்தில் இங்கே இறால் விழுது. அம்மா உருண்டையை எடுத்துக் கிண்ணத்துக்குள் போடப் போனாள். பரிமாறிய பெண் பதறிக் கையைக் காட்டித் தடுத்தாள். தொட்டுக்கொள்வதைத் தனியாகக் கடித்துவிட்டு, அப்புறம் சோறும் நீரும் ஒரு கரண்டி. நீர் கடைசிவரை தெளிவாக இருக்க வேண்டும் என்பது அதன் ஒழுங்கு. நாம் பழையதைப் பிசைந்து, மோர் விட்டு, கலக்கிக் குடிப்போம். ஒரே பசிக்கு இரண்டு மரபு. எனக்கு நம்முடையதுதான் உயர்ந்தது என்று தோன்றுகிறது, புளிப்பு இல்லாமல் கோடைச் சோறு நிறைவதில்லை. ஆனால் அந்த மல்லிகை மணம் தொண்டைக்குள் இறங்கும்போது உடம்பு முழுக்க ஒரு சன்னல் திறந்த மாதிரி இருந்ததையும் சொல்லத்தான் வேண்டும். அம்மா இரண்டாவது கிண்ணம் கேட்டாள்.

உண்ட பிறகு 5 பாட் கொடுத்து அக்கரைப் படகில் ஏறினோம். எதிர்க்கரையில் வாட் அருண், சூரியனின் தேரோட்டி அருணன் பெயரில் நிற்கும் கோபுரம். உடைந்த சீனப் பீங்கான் துண்டுகளைப் பதித்துப் பூப்பூவாக இழைத்திருக்கிறார்கள். ஏறவில்லை, நிழலில் உட்கார்ந்து பார்த்துவிட்டு அதே படகில் திரும்பினோம். சாவ் ப்ரயா ஆற்றின் நடுவில் அன்று முதல் முறையாகக் காற்று அடித்தது. ஒரு காலத்தில் இந்த ஊரின் தெருக்கள் எல்லாம் வாய்க்கால்கள்தான். 1864-இல் சாரோன் க்ருங் சாலை வந்தது, பிறகு சாலைகளுக்காக ஒவ்வொரு வாய்க்காலாகத் தூர்த்தார்கள். கூவத்தையும் ஏரிகளையும் பறிகொடுத்த ஊரிலிருந்து போகிறவர்களுக்கு அந்தக் கணக்கு புரியும்.

மூன்று எடுத்தால் ஒரு விலை

மூன்றரை மணிக்கு டாக்ஸியில் மகா ஊஞ்சலைக் கடந்தோம். சிவப்புத் தேக்குத் தூண்கள் இரண்டு வானத்தை நோக்கி நிற்கின்றன, ஊஞ்சல் இல்லை. 1784-இல் நாட்டியது. மார்கழியை ஒட்டி அங்கே ஊஞ்சல் திருவிழா நடந்தது, 1935-இல் ஊஞ்சலாட்டத்தை நிறுத்தினார்கள். பக்கத்திலிருக்கும் தேவஸ்தானக் கோயிலில் அரசவைப் பிராமணர்கள் அந்த விழாச் சடங்கை இன்றும் செய்கிறார்கள். அதன் பெயர் திரியம்பாவாய், திரிபாவாய். திருவெம்பாவையும் திருப்பாவையும் அங்கே போய்ச் சேர்ந்து அப்படி ஆகியிருக்கின்றன. டாக்ஸி சிக்னலில் நின்ற அரை நிமிடத்தில் அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள்.

கடைவீதி என்றால் எல்லோரும் மால்களைத்தான் சொல்வார்கள். என் கட்சி சாம்பெங். ஒரு காரணம் வரலாறு: இன்று அரண்மனை நிற்கும் இடத்தில் முன்பு இருந்தவர்கள் சீன வணிகர்கள். 1782-இல் முதலாம் ராமா அவர்களை ஆற்றோரமாகக் கீழே நகர்த்தினார். அப்படிப் போனவர்கள் உருவாக்கியதுதான் சாம்பெங். காலையில் அரண்மனையும் மாலையில் சாம்பெங்கும் பார்த்தால் ஒரே கதையின் இரண்டு பாதியையும் பார்த்ததாகும். இன்னொரு காரணம் வெயில். சந்து அவ்வளவு குறுகல், இரண்டு பக்கக் கூரைகளும் முட்டிக்கொள்ளும், தரைக்கு வெயில் இறங்காது. தள்ளுவண்டி ஒன்று வந்தால் எல்லோரும் கடைக்குள் ஒதுங்க வேண்டும். தி.நகர் ரங்கநாதன் தெருவைப் பாதியாக ஒடுக்கினால் சாம்பெங்.

அங்கே மொத்த வியாபாரம். ஒன்று எடுத்தால் ஒரு விலை, மூன்று எடுத்தால் இன்னொரு விலை. அட்டையிலேயே எழுதியிருக்கும், பேரம் பெரிதாக வேண்டியதில்லை. அரண்மனை வாசலில் 200 பாட் சொன்ன யானைப் படப் பேன்ட் இங்கே மூன்று எடுத்தபோது ஒவ்வொன்றும் 100. அம்மா யா டோம் இரண்டு டஜன் வாங்கினாள், தெருவில் ஆளுக்கு ஒன்று கொடுக்க. "நம்ம கோடாரித் தைலத்துக்குத் தங்கச்சி" என்று அவளே தீர்ப்பும் சொல்லிவிட்டாள். குளுகுளுவென்ற வேர்க்குருப் பவுடர் டப்பா ஆறு. சந்தின் மேற்கு முனையைத் தாண்டினால் பஹுராத், பஞ்சாபிலிருந்து வந்த சீக்கியர்கள் துணிக்கடை வைத்திருக்கும் பகுதி. பொன் கும்மட்டத்தோடு குருத்வாரா நிற்கிறது. அங்கே பருத்தி கேட்டேன், பெரும்பாலும் பளபளக்கும் செயற்கை இழைதான் எடுத்துப் போட்டார்கள். காலையில் துணி அருங்காட்சியகத்தில் நின்ற எனக்கு அது வருத்தமாக இருந்தது. நம் ஊரிலும் அதே நிலைதான் என்பது அந்த வருத்தத்தைக் குறைக்கவில்லை.

ஆறரைக்கு யாவராத் தெரு. சீனப் பெயர்ப் பலகைகளுக்கு விளக்குப் போட்டதும் தெருவின் ஓரங்களில் அடுப்புகள் வந்துவிடுகின்றன. 2017-இல் தெருவோரக் கடைகளையெல்லாம் அகற்றுவார்கள் என்று செய்தி வந்து உலகமே பதறியபோது, யாவராத்தையும் காவ் சான் தெருவையும் விட்டுவைப்போம் என்று நிர்வாகம் சொன்னது. அதனால் இங்கே புகை இன்னும் எழுகிறது. மற்ற தெருக்களில் அகற்றப்பட்டவர்களின் கடைகளில் நாம் சாப்பிட வழியில்லை.

நாங்கள் சாப்பிட்டதைவிடக் குடித்ததுதான் அதிகம். ஒரு வண்டியில் சாறுகள் வரிசையாக இருந்தன. காய்ந்த வில்லைகளைப் போட்டுக் கொதிக்க வைத்து ஆற்றிய பழுப்பு நிறப் பானம் ஒன்று, 'நாம் மாதூம்' என்று பெயர். வில்லையைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, வில்வக்காய். நாம் இலையைச் சிவனுக்குப் போட்டுவிட்டுக் காயை மரத்தடியில் விட்டுவிடுகிறோம். அவர்கள் காயைச் சீவிக் காயவைத்துக் கோடைக்குக் குடிக்கிறார்கள். பக்கத்தில் கரும்பச்சையாக இன்னொன்று: வல்லாரைச் சாறு. நமக்கு அது ஞாபக சக்திக்கு. அவர்களுக்கு உள்காயம் ஆற. காதல் முறிந்தவனைப் பார்த்து, போய் வல்லாரை குடி என்று சொல்வது அங்கே பேச்சு வழக்கு. எருக்கில் தொடங்கும் காதலுக்கு வல்லாரையில் மருந்து வைத்திருக்கிறார்கள்.

கடைசியாக மாம்பழமும் தேங்காய்ப்பால் ஊற்றிய ஒட்டரிசியும். 'நாம் டோக் மாய்' என்ற மாம்பழத்துக்கு அதுதான் பருவம். நீண்டு, வெளிர் மஞ்சளாக, நார் இல்லாமல். தேங்காய்ப்பாலில் உப்புப் போடுகிறார்கள். அந்த உப்புதான் மாம்பழத்தின் இனிப்பைத் தூக்கிக் கொடுக்கிறது. "வீட்டுல பாயசத்துக்கும் ஒரு கல்லு உப்பு போடணும்னு உன் பாட்டி சொல்லும்" என்றாள் அம்மா. இரவு ஒன்பது மணி, செல்பேசியில் இன்னும் 32 டிகிரி.

போகிறவர்களுக்குச் சொல்ல எனக்கு இருப்பது கொஞ்சம்தான். ஆறு மணிக்குத் தெருவில் இருங்கள். பதினொன்றிலிருந்து மூன்று வரை எங்கேயாவது கூரைக்கடியில் இருங்கள், முதியவர்களை அழைத்துப் போனால் கண்டிப்பாக இருங்கள், நான் செய்த தவறைச் செய்யாதீர்கள். குடைக்கடியில் விற்பவர்களிடம் தண்ணீர் வாங்குங்கள், பத்து பாட்டுக்குப் பேரம் பேசாதீர்கள். மே விடுமுறையில் போவதாக இருந்தால் முதல் இரண்டு வாரத்துக்குள் போங்கள். காவ் சே மார்ச் முதல் மே வரைதான். மழை பிடித்துவிட்டால் பெரும்பாலான கடைகள் அடுத்த கோடை வரை அதைச் செய்வதில்லை.